பனிக்கட்டி கரைந்ததா, உருகிற்றா?

(அறிவியல் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

   

தமிழில் அறிவியல் கற்பிக்க இயலுமா என்னும் வினாவிற்கு விடை கூற நான் இங்கு வரவில்லை. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர்களையே துணைக்கொண்டு நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் வெளிவந்த வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டார். அப்பெயரை நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் அவர் உழைப்பை வணங்குவோம்.

இன்று நான் எழுப்பும் வினா வேறு. அறிவியலை எவ்வாறு கற்பிப்பது என்பதை ஆசிரியருக்குக் கற்பிக்கும் மேற்படிப்பு எம்மொழியில் அமைதல் வேண்டும்?

இயற்பியல் முதுகலை படித்தவர் இயற்பியல் அறிவார். கல்வியியல் படித்தவர் உளவியல் அறிவார். இரண்டிற்கும் இடையே ஒரு துறை உண்டு. மாணவன் ஏன் தவறாகப் புரிந்துகொள்கிறான், அத்தவற்றுக்குள் எத்தகைய எண்ணம் ஒளிந்துள்ளது என்று ஆராய்வதே அத்துறை. அதுவே அறிவியல் கல்வி. மைசூரில் 1963இல் தோன்றிய மண்டலக் கல்வி நிறுவனம் அறிவியலையும் கல்வியியலையும் இணைத்து முதுகலைப் படிப்பு நடத்துகிறது. மும்பையில் 1974இல் தோன்றிய ஓமி பாபா அறிவியல் கல்வி நடுவம் இத்துறையில் முனைவர் பட்டம் வரை கொண்டுசெல்கிறது. நல்ல நிறுவனங்களே, குறை கூறேன். ஆனால் அங்குப் பயில்மொழி ஆங்கிலம்.

அதனால் என்ன கெடும் என்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன்.

நீரிலிட்ட கற்கண்டு ‘உருகிற்று’ என்று ஆங்கிலச் சிறுவர் கூறுவதாக அம்மொழி ஆய்வுகள் குறிக்கின்றன. இதைப் படித்த நம் ஆசிரியர் வகுப்பில் அத்தவற்றைத் தேடுகிறார். கிடைக்காது! நம் வீட்டில் உப்பும் வெல்லமும் என்றும் கரைவனவே. மாறாக, வெயிலில் வைத்த பனிக்கட்டியை நம் குழந்தை ‘கரைந்துபோயிற்று’ என்கிறது. எரியும் மெழுகையும் அவ்வாறே கூறுகிறது. கரைவதற்கு வேறொரு நீர்மம் வேண்டும். உருகுவதற்கு வெப்பம் போதும். இவ்வேறுபாடு மங்கும் இடம் ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் மற்றொன்று. இரவல் நூல் இதனைக் காட்டாது. தமிழ்க் குழந்தையின் வாய்ச்சொல்லைக் கேட்டவரே காண்பார்.

மும்பை நடுவத்தாரே தம் தொடக்கக் காலத்தில் மராத்திப் பாடநூலின் மொழி எளிய மாணவர்க்குத் தடையாவதை ஆராய்ந்தனர். மராத்திக்கு அவர்கள் செய்ததைத் தமிழுக்கு நாம்தானே செய்தல் வேண்டும்?

நம்மவர் குறையையும் மறையாது கூறுகிறேன், சினவற்க. நாம் கலைச்சொல் ஆக்குகிறோம், வேர் ஆராய்கிறோம், அச்சேற்றுகிறோம். அச்சொல்லைக் கேட்ட பன்னிரண்டு அகவைச் சிறுமி என்ன எண்ணினாள் என்று கேட்டோமா? ‘ஆற்றல்’ வேறு, ‘திறன்’ வேறு என்கிறது இயற்பியல். தெருவில் இரண்டும் ஒன்றே. கடைக்காரர் தராசில் ‘நிறுத்து’க் கொடுத்ததை அவள் ‘எடை’ என்கிறாள். பள்ளியிலோ நிறை வேறு, எடை வேறு.

இன்னும் கொடிது கேளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிறை’ என்பது பொருளின் மாறாத அளவு. அதன்மேல் புவி இழுக்கும் விசை ‘எடை’. ஈழத்துப் பாடநூலிலோ முன்னது ‘திணிவு’, பின்னதே ‘நிறை’! ஒரு பொருளின் நிறை நிலவில் குறையுமா என்று கேட்டால், குறையாது என்னும் மதுரை மாணவனும், குறையும் என்னும் மட்டக்களப்பு மாணவியும் முழு மதிப்பெண் பெறுவர். ஒரே மொழி, ஒரே சொல்! இருவரும் ஒரு நூலை எடுத்துப் படித்தால் என்னாவது? அறிவியல் எழுத்தாளர் யாருக்காக எழுதுவது?

ஆகவே கேட்கிறோம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் அறிவியல் கல்விக்கெனத் தமிழிலேயே ஈராண்டு முதுகலைப் படிப்பு வேண்டும். பள்ளியாசிரியரும் அறிவியல் எழுத்தாளரும் ஒரே வகுப்பில் அமரட்டும். ஓராண்டு நூலகத்தில்; மற்றோராண்டு ஊர்ப்பள்ளியில். குழந்தைகள் கூறுவதைக் கூறியவாறே எழுதி வரட்டும். ஆய்வேட்டைத் தமிழில் எழுதட்டும். ஈழத்தாசிரியரும் வந்து பயில இடம் ஒதுக்கட்டும்.

அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. வரும் திங்கட்கிழமை வகுப்பில் ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி வையுங்கள். என்ன நிகழ்கிறது என்று குழந்தைகளைக் கேளுங்கள். திருத்தாதீர்கள், அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதி நம் இதழுக்கு விடுத்துவையுங்கள்.