நீதிமன்றத்தால் ஆகாதது வாக்காளரால் ஆகும்

(வினாயகபுரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குமுன் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "உர விலையும் நெல் விலையும் யானைத் தொல்லையும் இருக்க, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் என்று பேசவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. வயலில் கால் வைத்து உழைப்பவனுக்கு இந்த விடயத்தால் ஆவதென்ன என்று சொல்ல முடியாவிட்டால், நாம் இம்மேடையில் ஏறியிருக்கக் கூடாது. ஆகவே அவருக்கே முதலில் விடை கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், இக்கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்த விவசாயி ஒருவர் இரவு வேளையில் நம் வீட்டுப் படலையைத் தட்டினார். கையில் ஒரு காணி உறுதி. இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்க வேண்டும், உடனே எழுதித் தாருங்கள் என்றார். நாம் நொத்தாரிசுமாகையால், என்ன தேவைக்கு என்று கேட்டோம். நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்னர் சொன்னார். அவருடைய மகனுக்கும் இன்னோர் இளைஞனுக்கும் இடையே இருந்த அன்பை ஒருவன் அறிந்துகொண்டான். தொலைபேசியிலிருந்த படங்களைக் கைப்பற்றினான். பணம் தராவிட்டால் பொலிசுக்குப் போவேன் என்று மிரட்டினான். இரண்டு முறை கொடுத்தாயிற்று. மூன்றாம் முறைக்கு வயலைத் தவிர வேறில்லை.

மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம். நீங்கள் முறைப்பாடு செய்யலாம் என்றோம். அவர் கேட்டார்: "முறைப்பாட்டில என்னத்தையெண்டு எழுதுறது ஐயா?" அந்தக் கேள்விக்கு நம்மிடம் நல்ல விடை இல்லை. மிரட்டியவனைக் குற்றவாளி என்று காட்டுவதற்கு, தம் மகனும் சட்டத்தின் கண்ணிற் குற்றவாளி என்று அவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். "காணி போனாப் போகட்டும் ஐயா, புள்ள உசிரோட இருந்தாக் காணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வயல் கைமாறிற்று. மகன் கடல் கடந்தான். மிரட்டியவன் மட்டும் இன்றும் ஊரில் நிமிர்ந்து நடக்கிறான்.

பெரியவரே, அந்த இரண்டு ஏக்கரை அழித்தது வெள்ளமுமன்று, யானையுமன்று. ஒரு சட்டம் அழித்தது.

அந்தச் சட்டம் எது? 1883 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365 ஆம், 365அ ஆம் பிரிவுகள். முன்னது இயற்கைக்கு மாறான புணர்ச்சி என்று பெயரிட்டுப் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பின்னது இரு ஆடவரிடையே நிகழும் இழிசெயல் என்று பெயரிட்டு ஈராண்டு வரை சிறை விதித்தது. வயது வந்த இருவர் தம் விருப்பத்தோடு மூடிய கதவுக்குள் இருந்தாலும் விலக்கில்லை. 1995 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தும் வாய்ப்பு நம் பாராளுமன்றத்துக்குக் கிடைத்தது. என்ன செய்தார்கள்? 365அ பிரிவில் ஆடவர் என்றிருந்த சொல்லை எடுத்துவிட்டு ஆள் என்று எழுதினார்கள். அதுவரை வெளியே நின்ற பெண்களையும் சிறைக்குள் இழுத்துவிட்டார்கள்! ஆங்கிலேயன் விட்டுவைத்ததையும் நாம் விட்டுவைக்கவில்லை.

இது நம் பண்பாடு என்று சிலர் வாதிடுகிறார்கள். இப்பிரிவுகளை எழுதிய கை எவருடையது? எழுதியவனோ தன் வீட்டில் அதை அழித்துவிட்டான். 1957 இல் வுல்ஃபெண்டன் குழு, இத்தகைய தனி வாழ்க்கை குற்றவியற் சட்டத்தின் வேலையன்று என்று அறிக்கை தந்தது. 1967 இல் இங்கிலாந்து சட்டத்தை மாற்றிற்று. எசமான் குப்பையில் எறிந்த சட்டையை எடுத்து, இது எங்கள் பாட்டன் நெய்தது என்று போற்றுவது அறிவுடைமையாகுமா?

இனி, நம் உரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சட்டம் பிழையென்றால் நீதிமன்றம் செல்லலாமே, கட்சி எதற்கு, தேர்தல் எதற்கு என்று படித்த அன்பர்கள் கேட்கிறார்கள். இந்தியாவைக் காட்டுகிறார்கள். உண்மைதான். 2018 செப்டெம்பர் 6 ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்தோரின் விருப்பமுள்ள உறவைக் குற்றமாக்கும் அளவுக்கு 377 ஆம் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அங்கே நீதிபதிகளால் அது முடிந்தது. இங்கே முடியாது. ஏன்?

நமது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. ஆனால் 16(1) ஆம் உறுப்புரை, 1978 க்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் தொடர்ந்து செல்லும் என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். பின்னர் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களையோ, சான்றுரைக்கப்பட்ட பின் எந்த நீதிமன்றமும் கேள்விக்குள்ளாக்க 80(3) ஆம் உறுப்புரை இடம் தரவில்லை. ஆகவே 1883 இன் சட்டத்துக்கும் காவல். 1995 இன் திருத்தத்துக்கும் காவல்.

நீதிபதிகளின் மனம் எங்கே நிற்கிறது என்பதையும் கேளுங்கள். 2016 நவம்பரில் நமது உயர் நீதிமன்றத்தின் முன் இத்தகைய வழக்கொன்று வந்தது. வயது வந்தோரின் விருப்பமுள்ள உறவை அரசு கண்காணிப்பது தகாது என்ற இக்காலச் சிந்தனையை நீதிமன்றம் எடுத்துரைத்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பதால் குற்றத்தீர்ப்பை அழிக்கவில்லை; சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. 2023 இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த இப்பிரிவுகளைத் திருத்தத் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொணர்ந்தார். அதை எதிர்த்துப் பலர் உயர் நீதிமன்றம் சென்றனர். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அத்தீர்மானம் மே 9 ஆந் திகதி சபையில் அறிவிக்கப்பட்டது. மூன்றிலிரண்டு வேண்டாம், பொதுசன வாக்கெடுப்பும் வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். நீதிமன்றம் தன்னால் இயன்ற அளவுக்கு வழியைத் திறந்துவிட்டது. நடக்க வேண்டியவர்கள் நடக்கவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. சட்டமூலமும் அதனோடு மடிந்தது.

ஆகவே, அன்பர்களே, பந்து இப்போது நீதிபதியின் கையில் இல்லை. 225 பேரின் கையில் இருக்கிறது. அந்த 225 பேரையும் அனுப்புகிறவர்கள் நீங்கள். இதனாற்றான் இது வழக்காக இராமல் அரசியலாகிறது. இதனாற்றான் நாம் வினாயகபுரத்துக்கு வந்தோம்.

குழந்தைகளின் கதி என்ன என்று தாய்மார் அஞ்சுகிறார்கள். தாயின் அச்சத்தை நாம் இகழமாட்டோம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தீண்டுகிறவனைத் தண்டிக்க 363, 364, 365ஆ ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஓர் எழுத்தையும் தொட வேண்டாம் என்பதே நம் நிலைப்பாடு. குழந்தையைக் கெடுத்தவனும், வயது வந்த துணையோடு அமைதியாக வாழ்கிறவனும் ஒரே சட்டத்தின் அருகருகான பிரிவுகளில் நிற்கிறார்கள் என்பதே அநீதி.

அடுத்தது திருமணம். குற்றம் நீக்குவது வேறு, திருமண உரிமை வேறு. நம் கட்சி இரண்டையும் கேட்கிறது; இரண்டையும் ஒளிக்காமற் கேட்கிறது. திருமணம் எதற்கு, சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் போகட்டுமே என்பார் உளர். இங்கே பெரும்பாலோர் அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி செய்கிறவர்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 51 ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அனுமதிப்பத்திரக்காரர் தமக்குப் பின் உரியவராக வாழ்க்கைத் துணையை நியமிக்கலாம்; அல்லது அட்டவணையிற் சொல்லப்பட்ட இரத்த உறவினரை நியமிக்கலாம். வேறெவரையும் நியமிக்க முடியாது. இருபது ஆண்டு ஒரே வயலில் ஒன்றாக நாற்று நட்டு, ஒன்றாகக் காவற் பரணில் விழித்திருந்த இருவருள் ஒருவர் கண் மூடினால், மற்றவர் மறுநாட் காலையில் வரம்பில் நிற்கும் அந்நியர். எங்கிருந்தோ வரும் ஒன்றுவிட்ட உறவினர், உழைத்தவரை வெளியே போ என்பார். திருமணப் பதிவு என்பது அந்த ஒரு சொல்லை, வாழ்க்கைத் துணை என்ற சொல்லை, அவருக்கும் கொடுப்பதேயாகும்.

கோவிலில் தாலி கட்டுங்கள் என்று எந்தக் குருக்களையும் நாம் கேட்கவில்லை. முஸ்லிம் சகோதரர்களின் 1951 ஆம் ஆண்டு விவாக, விவாகரத்துச் சட்டத்தில் நாம் கை வைக்கவில்லை. தேவாலயத்தின் கதவையும் தட்டவில்லை. அரசாங்கப் பதிவாளரின் பொதுப் பதிவேடு, வரி கட்டும் குடிமக்கள் யாவருக்கும் உரியது. அதில் ஓர் இடம் கேட்கிறோம். அவ்வளவே.

திருமணச் சட்டத்தை மாற்றினால் சமூகம் சிதையும் என்கிறார்கள். நம் மண்ணின் வரலாற்றையே எண்ணிப் பாருங்கள். மட்டக்களப்புத் தேசத்தில் ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் வழங்கிற்று. சொத்து தாய்வழிக் குடியைப் பற்றிச் சென்றது. 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வந்தபின் அது வழக்கொழிந்தது. அதனாற் குடிகள் அழிந்தனவா? கோவில் வரிசையிலும் பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடியின் பெயர் இன்றும் ஒலிக்கிறதே! சட்டம் மாறிற்று, சமூகம் நின்றது.

அயல் நாடுகளையும் பாருங்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடிக் கோவிலொன்றில் திருநங்கை ஒருவரை மணந்த இளைஞரின் திருமணத்தைப் பதிவு செய்யுமாறு கட்டளையிட்டது. மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. ஆனால் தன்பாலினத்தார் திருமணம் பற்றிய பெரிய வழக்கில், 2023 ஒக்டோபர் 17 இல், இந்திய உச்ச நீதிமன்றமே, இது சட்டமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. அங்கும் வழி மக்கள் சபையை நோக்கியே திரும்புகிறது. பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் தாய்லாந்து, பாராளுமன்றத்தின் வழியே சட்டமியற்றி, 2025 ஜனவரி 23 முதல் இத்திருமணங்களைப் பதிவு செய்கிறது. அந்நாட்டின் விகாரைகள் இடிந்து விழவில்லை.

இறுதியாக, நம்மை நோக்கி வீசப்படும் ஏளனத்துக்கு விடை. இவ்வளவு சிறிய கட்சி, ஓர் ஆசனமும் இல்லாத கட்சி, என்ன சாதிக்கும் என்கிறார்கள். சிறியோர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிலிப்பைன்ஸ் நாட்டில் லட்லாட் என்னும் கட்சி இம்மக்களுக்காகத் தோன்றிற்று. ஒழுக்கக்கேடு என்று கூறி, மறைநூல்களையும் மேற்கோள் காட்டி, தேர்தல் ஆணையம் 2009 இல் அதன் பெயரைப் பதிய மறுத்தது. 2010 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கிற்று. அடுத்த மாதமே கட்சி தேர்தலில் நின்றது, ஆசனம் கிடைக்கவில்லை. ஆனால் இம்மக்களும் வாக்குச் சீட்டில் ஒரு பெயராக நிற்கலாம் என்பது அன்றிலிருந்து அங்கே சட்டம். அவுஸ்திரேலியாவில் திருமண சமத்துவத்தை முன்வைத்த சமத்துவக் கட்சி 2016 தேர்தலில் ஓர் ஆசனமும் பெறவில்லை. 2017 இல் நடந்த அஞ்சல் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 61.6 பேர் ஆம் என்றனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சட்டம் வந்தது. அதை அக்கட்சி ஒன்றே கொண்டுவந்தது என்று நாம் சொல்லவில்லை. பெரிய கட்சிகள் வாய் திறக்க அஞ்சும் காலத்தில் கேள்வியை உயிரோடு வைத்திருப்பது சிறிய கட்சியின் பணி என்கிறோம். நம் நாட்டிலும், 1952 இல் இரண்டே ஆசனம் பெற்ற தமிழரசுக் கட்சி 1956 இல் பத்துப் பெற்றதை நம் தந்தையர் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் நாம் கேட்பவை மூன்று. 365 ஆம் பிரிவைத் திருத்தி, 365அ பிரிவை நீக்கும் சட்டமூலம் மீண்டும் சபைக்கு வரவேண்டும். பொதுப் பதிவேட்டில் வயது வந்த எந்த இருவரும் திருமணம் பதிய வழி வேண்டும். அது வரும்வரை, அனுமதிப்பத்திரக் காணிக்காரர் தாம் விரும்பியவரைத் தமக்குப் பின் உரியவராக எழுத உரிமை வேண்டும்.

அடுத்த தேர்தலில் நமக்கே வாக்களியுங்கள் என்று வற்புறுத்தோம். எக்கட்சி வேட்பாளர் உங்கள் படலைக்கு வந்தாலும், வாய்க்காலைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் கேட்டுவிட்டு, "365அ க்கு நீர் கை உயர்த்துவீரா?" என்ற நான்காவது கேள்வியையும்... இல்லை, மூன்றாவது கேள்வியாகவே கேளுங்கள். நூறு படலைகளில் அக்கேள்வி எழுந்தால் சபையில் அது ஒலிக்கும்.

அன்றிரவு உறுதியோடு வந்த அந்தத் தந்தைக்கு நாம் விடை சொல்ல முடியவில்லை. இன்னொரு தந்தை அவ்வாறு ஒரு படலையைத் தட்டாதிருக்கச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.