உப்பில் பிழைக்கும் ஈஸ்ட்

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட், ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். அதை உப்புக் கரைசலில் போட்டால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறி, செல் சுருங்கிவிடும். ஆனாலும் அது சாவதில்லை.

காரணம், புரோட்டீன் கைனேஸ் என்னும் நொதிகள். ஏ.டி.பி. என்னும் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தில் ஒட்டுவதுதான் இவற்றின் வேலை. ஒட்டியதும் பல புரதங்கள் செயலில் இறங்குகின்றன. எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950-களில் தசையை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். 1992-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

செல்லின் மேல்பரப்பு உப்பை உணர்ந்ததும், ஒருவர் அடுத்தவரைத் தட்டி எழுப்புவதுபோல் ஒரு கைனேஸ் அடுத்த கைனேஸை எழுப்புகிறது. கடைசியில் விழிப்பது ஹாக்1 என்னும் கைனேஸ். சில நிமிடங்களிலேயே அது உட்கருவுக்குள் நுழைந்து, கிளிசரால் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. செல்லுக்குள் கிளிசரால் சேரச் சேர நீர் திரும்புகிறது. செல் பழைய அளவுக்கு வருகிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது அதற்குப் பிறகு நடப்பது. பாஸ்பேட்டேஸ் என்னும் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி ஹாக்1-ஐ அடக்கிவிடுகின்றன. அடக்காமல் விட்டால், காப்பாற்றிய ஹாக்1-ஏ செல்லைக் கொன்றுவிடும்!

நமக்குள்ளும் ஹாக்1-இன் உறவுக்காரர் உண்டு. பெயர் பி38. சிறுநீரகத்தின் உட்பகுதியில், இரத்தத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவான சூழலில் செல்கள் தாக்குப்பிடிப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது.