மனச் சுமைக்கும் ஒரு சுமைதாங்கி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மனம் நொந்தோர் ஒன்றுகூடித் தம் துயரைப் பேசி ஆறும் ஒரு சிறு குழுவை நமதூரில் தொடங்கி நடத்துவது எங்ஙனம் என்பது பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தார்கள். பல்கலைக்கழக மாணவராகிய நாம் வைத்தியரல்லோம். ஆயினும் இப்பணியைப் பிற நாடுகளிற் செய்து வருவோருட் பலரும் வைத்தியரல்லாதவரே என்பதாற் துணிந்து வந்தோம்.

1937ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிக்காக்கோ நகரிலே ஏபிரகாம் லோ என்னும் மனநோய் வைத்தியர், ஆஸ்பத்திரியை விட்டு வீடு திரும்பியவர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். தேறியவர் மறுபடி தளராதிருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். நாளடைவில் அக்கூட்டங்களை முன்னர் நோயுற்றிருந்தவர்களே நடத்தலாயினர். ஒருவர் தம் அன்றாட வாழ்வில் நேர்ந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்வார். அப்போது உடலும் உள்ளமும் எவ்வாறு பதறின, அதை எவ்வாறு சமாளித்தார், முன்னாளில் என்றால் என்ன செய்திருப்பார் என்பதையும் சொல்வார். மற்றோர் அதனையொட்டிப் பேசுவர். இன்ன நோய் என்று பெயரிடுவதுமில்லை. மருந்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதுமில்லை.

சிம்பாப்வேயின் ஹராரே நகரில் நடந்தது இதனினும் சுவையானது. 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற வைத்தியர் 14 பாட்டிமாருக்குப் பயிற்சியளித்து, சுகாதார நிலைய முற்றத்தில் ஒரு மரவாங்கைப் போட்டு அமர்த்தினார். மனநல வாங்கு என்று பெயரிட்டபோது அதில் அமர மக்கள் கூசினர். பாட்டிமார் சொற்படி நட்பு வாங்கு என்று பெயர் மாறியது, ஆட்கள் வந்தனர். அந்நாட்டார் இத்துன்பத்தைக் குறிக்கும் சொல்லுக்கு மிகையாக யோசித்தல் என்று பொருளாம். "பிள்ளை கனக்க யோசிக்குது" என்று நாமும் சொல்கிறோமல்லவா? தனியே பேசி முடித்தவர்கள் பின்னர் குழுவாகக் கூடி, பை பின்னியபடியே கதைப்பர். கை வேலையிலிருந்தால் வாய் எளிதிற் திறக்கும் என்பது ஓலை பின்னும் எங்கள் ஆச்சிமாருக்குத் தெரியாததன்று. 24 நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தின் பின் அவ்வாங்கின் துணை பெற்றோர் ஏனையோரினும் நன்கு தேறியிருந்தனர்.

இலங்கையிலும் 1974 முதல் சுமித்ரயோ என்னும் அமைப்புத் துயருற்றோர் சொல்வதைக் கேட்டு வருகிறது. 1998 வரை இந்நாட்டில் தற்கொலைக்கு முயன்றவர் சட்டத்தின் முன் குற்றவாளியாவார். அச்சட்டம் நீங்கிற்று, ஊர் வாய் நீங்கவில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்ததென்று தெரிந்தால், அவர் தங்கைக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் படலையோடு திரும்பிவிடுகிறார்கள். ஆதலால் வீட்டார் மூடி மறைக்கின்றனர். நோய் உள்ளறையிலே முற்றுகிறது.

எனவே இங்கே குழு நடத்துவதில் முதன்மையானது இரகசியமே. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வரவுப் புத்தகம் வேண்டாம், படம் பிடித்தல் வேண்டாம். கதிரைகளை வட்டமாகப் போட வேண்டும், மேடை கூடாது. பேச விரும்பாதவர் பேசாமலே இருந்து தேநீர் குடித்துப் போகலாம். குறித்த நேரத்திற் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். மிஷன் பாடசாலை மணிக்குப் பழகியவர்களின் பேச்சு என்று நகைக்க வேண்டாம். எப்போது முடியும் என்று தெரிவதே மனம் நொந்தவருக்கு ஒரு தைரியம். புத்திமதி சொல்லும் ஆசையை அடக்குவதுதான் மிகக் கடினம். "இதற்குப் போய் அழலாமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அடுத்த கிழமை அந்தக் கதிரை வெறுமையாகும்.

இரகசியத்துக்கும் ஒரு விலக்குண்டு. அதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் உயிரை விடும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால், அல்லது அப்படித் தோன்றினால், நேரே கேட்க வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் வந்துவிடும் என்பது வீண் அச்சம். அவரைத் தனியே விடாது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை நடத்துவோர் மனனம் செய்திருத்தல் நன்று. குழு மருந்துக்கு ஈடன்று. மாத்திரையை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நடத்துவோர் இருவராவது இருக்க வேண்டும். பிறர் துயரை வாரந்தோறும் கேட்பவருக்கும் நெஞ்சு கனக்கும். கூட்டம் முடிந்தபின் அவ்விருவரும் சற்று நேரம் பேசியிருந்து பிரிவது நல்லது. நமக்குப் பரீட்சை வந்தது என்று கூட்டத்தை நிறுத்தலாகாது. ஒருவர் போனால் ஒருவர் வந்து கதவைத் திறக்க வேண்டும்.

பெரியோர்களே, இதில் உங்கள் பங்கு பெரியது. தெருவோரச் சுமைதாங்கி யார் வந்தார், என்ன சுமந்தார் என்று விசாரிப்பதில்லை. சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஐந்தரை வரை வாசிகசாலையின் பின்னறையை எமக்குத் தாருங்கள். அந்நேரம் முன் விறாந்தையில் பத்திரிகை வாசிப்பவர்கள், உள்ளே போகிறவர் யார் என்று நிமிர்ந்து பாராதிருக்கவும் வேண்டுகிறோம். திறப்பை யாரிடம் கொடுப்பது என்பதை நிருவாக சபை இன்றைக்கே தீர்மானித்தால், வருகிற கிழமையே தொடங்கலாம்.