யாருக்கு எந்தப் பம்பு?



சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரங்களில் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் இருக்கின்றன. மரங்கள் போனாலும் மரம் வெட்டியவர்களில் பலருக்கு நெஞ்சிரைப்பு மட்டும் போகவில்லை. விறகடுப்புப் புகை, ரப்பர்ப் புகைக்கூடம், ஈப்போவைச் சுற்றியுள்ள கல் குவாரிகளின் தூசி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுருட்டும் சிகரெட்டும் நுரையீரலைக் கெடுத்தவை. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் கொடுப்பதுதான், நம் வீடுகளில் பம்பு என்று சொல்லும் இன்ஹேலர்.

பம்பு பிடித்தால் பழக்கமாகிவிடும், மாத்திரையே போதும் என்பார் சிலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். சல்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் வரை மருந்து இருக்கும். அதே மருந்துள்ள நீலப் பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கைநடுக்கமும் படபடப்பும் தரும். பம்பு மருந்தோ நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது.

இந்தப் பம்பு பிறந்ததே ஒரு பிள்ளையின் கேள்வியால்தான். 1955-இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவால் அவதிப்பட்ட 13 வயதுச் சிறுமி ஒருத்தி, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று தகப்பனாரைக் கேட்டாள். அவர் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசன். மறு ஆண்டே, 1956-இல், பம்பு விற்பனைக்கு வந்தது.

அந்த வகைதான் இன்றும் நம் கிளினிக்குகளில் அதிகம். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் பொருத்தி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, நான்கைந்து விநாடி இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். சொல்லக் கேட்டால் சுலபம். ஆனால் நாற்பது வருடம் பால் வெட்டும் கத்தியைப் பிடித்து விரல் மடங்காமல் போன ஒரு பாட்டிக்கு, அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் கைகூடுமா? வாயிலிருந்து புகைபோல மருந்து வெளியே வந்தால், நெஞ்சுக்குள் போக வேண்டியது வீணாகிறது என்று வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஸ்பேசர் என்னும் குடுவை மிகவும் நல்லது. பம்பை ஒரு முனையில் செருகி, ஒருமுறை அழுத்தி, மறுமுனையில் நிதானமாக மூச்சிழுத்தால் போதும். 1999-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆஸ்துமா முற்றிய பிள்ளைகளுக்கு, அரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் செய்த ஸ்பேசரைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு அது குறையவில்லை. வீட்டில் செய்ய நினைப்பவர்கள் மருந்தாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காற்றில் உலர்த்துங்கள். துணியால் துடைத்தால் மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வகை தூள் மருந்து. இதில் அழுத்தும் வேலையே இல்லை, ஆனால் வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். நோய் முற்றி, படியேறினாலே நின்று நின்று போகிற பெரியவரால் அவ்வளவு பலமாக இழுக்க முடியாமல் போகலாம். விலை அதிகம், புதிது என்பதற்காக அதைக் கேட்டு வாங்குவதில் பயனில்லை. இழுக்கும் வேகத்தை அளக்க ஒரு சிறு கருவி உண்டு, இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தூள் ஈரம்பட்டால் கட்டிவிடும், ஆகவே குளியலறையில் வைக்காதீர்கள், அதற்குள் ஊதாதீர்கள். சில வகைகளில் குளிகையைக் கருவிக்குள் போட்டுத் துளைத்து இழுக்க வேண்டும். மாத்திரையென்று நினைத்து அதை விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு!

மூன்றாவது, மெல்லிய பனிபோல் வருவது. இழுக்க நிறைய அவகாசம் தரும், ஆனால் அடிப்பாகத்தைத் திருகக் கைவலு வேண்டும்.

ஒருவருக்கே ஒன்றை மெதுவாகவும் மற்றொன்றை வேகமாகவும் இழுக்கும்படி இரண்டு வகை வந்தால் குழப்பம்தான். முடிந்தவரை ஒரே வகையாகத் தரச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் கொடுத்ததை வாய்திறவாமல் வாங்கிப் பழகியவர்கள் நாம். பம்பு விஷயத்தில் அந்த அடக்கம் வேண்டாம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான், மருந்தும் அதில் சேர்த்தி. மருந்தாளர் முன்னால் ஒருமுறை பிடித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அய்யாவையோ அம்மாவையோ தனியே அனுப்பாமல் மகனோ மருமகளோ கூடப் போவது நல்லது.

நீலப் பம்பு அப்போதைய இளைப்பை அடக்கும். நோயைக் கட்டுப்படுத்த வேறு மருந்தைத் தினமும் எடுக்க வேண்டியிருக்கும். இளைப்பு இல்லாத நாளிலும் அதை நிறுத்தக்கூடாது. ஸ்டீராய்டு கலந்த பம்பு என்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். பக்கத்து வீட்டுப் பம்பைக் கடன் வாங்குவது, மருந்து முடிந்ததா என்று தண்ணீரில் மிதக்க விடுவது இரண்டும் வேண்டாம். 200 அழுத்தம் உள்ள பம்பை நாளைக்கு எட்டுமுறை அழுத்தினால் 25 நாளில் தீரும். எண்காட்டி இல்லாத பம்பின் மேல், தொடங்கிய தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

நீலப் பம்பை அடித்தும் பேச்சு வராமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மறு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியை உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வோர் அழுத்தமாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.