ஈரலுக்குப் பொய்க் கணக்குக் காட்ட முடியாது



நான் வைத்தியர் அல்ல, கணக்காளர். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அவுஸ்திரேலியாவில் விற்கப்படும் மதுப் போத்தல்களின் லேபிளில், உள்ளே எத்தனை 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' உண்டு என்று போட்டிருக்கும். ஒன்று என்றால் 10 கிராம் மதுசாரம். சுகதேகியான ஒருவர் கிழமைக்கு 10க்கு மேல், ஒரு நாளில் 4க்கு மேல் அருந்தக்கூடாது என்பது 2020இல் இந்நாட்டில் வெளியான வழிகாட்டி. 700 மில்லிலீற்றர் விஸ்கிப் போத்தலில் ஏறக்குறைய 22 உண்டு. சனிக்கிழமை விருந்தில் இருவர் அதை முடித்தால் ஆளுக்கு 11. ஒரு கிழமைக் கணக்கு ஓர் இரவிலேயே தாண்டிவிட்டது.

ஈரல் தொடக்கத்தில் நோவதில்லை. முதலில் கொழுப்புப் படியும். அந்தக் கட்டத்தில் குடியை விட்டால் பெரும்பாலும் சில கிழமைகளில் தேறிவிடும். தொடர்ந்தால் அழற்சி வரலாம். பசியின்மை, சத்தி, காய்ச்சல், வலது விலாவின் கீழ் நோ, கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். கடுமையானால் உயிருக்கே ஆபத்து.

கண் மஞ்சளானால் "செங்கண்மாரிதானே" என்று கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அன்றே வைத்தியரிடம் போங்கள். இரத்தச் சத்தியோ தடுமாற்றமோ இருந்தால் 000 அழையுங்கள்.

அழற்சி வந்தவருக்கு மருந்துகளில் முதன்மையானது குடியை முற்றாக நிறுத்துவதுதான். அவருக்குக் 'கொஞ்சம்' என்ற கணக்கே இல்லை. அதோடு நல்ல சாப்பாடும் வேண்டும். ஆனால் நாளாந்தம் நிறையக் குடித்தவர் வீட்டில் சடுதியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடிக்கும் ஆவலைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. சாதாரண பனடோலைக்கூடக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

குடும்ப வைத்தியர் "எவ்வளவு குடிப்பீர்கள்?" என்று கேட்கும்போது, "எப்போதாவது" என்று சொல்லிவிட்டு வருகிறோம். பக்கத்தில் இருக்கும் மனைவியும் மானத்துக்காகப் பேசாமல் இருந்துவிடுகிறார். பொய்க் கணக்கை வைத்துச் சரியான வைத்தியம் செய்ய முடியாது. நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது வைத்தியரின் கடமை. தமிழில் பேச வேண்டுமானால் 131 450 இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

போரையும் இழப்பையும் சுமந்து வந்து, நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கியவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களைக் 'குடிகாரன்' என்று ஒதுக்குவதால் ஒரு பயனுமில்லை. சிட்னியில் ஸ்டார்ட்ஸ், மெல்பேர்ணில் பவுண்டேஷன் ஹவுஸ் ஆகிய நிறுவனங்கள் இப்படியானவர்களின் மனக்காயத்துக்கென்றே இயங்குகின்றன. மதுப் பழக்கம் பற்றி ஆலோசனை கேட்க 1800 250 015 என்ற இலவச இலக்கம் உண்டு. குடும்பத்தவரும் அழைக்கலாம்.

இந்தக் கிழமை வீட்டுப் போத்தலின் லேபிளை ஒருமுறை வாசித்து, கூட்டிப் பாருங்கள். வரும் தொகையை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.