விடுதலைக்குப் பின் வரும் சாவு

சிறைவாசமும் உடல்நலமும் குறித்த இந்தக் கருத்தரங்கு திருவண்ணாமலையில் கூடுவது பொருத்தமே. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில்தான் 1925 ஜூலை 23 அன்று விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா இறந்தார். வயது 40. சிறையிலிருந்து வெளியே வந்து 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததால் அந்தச் சாவு எந்தச் சிறையின் கணக்கிலும் ஏறவில்லை.

1908-இல் வ.உ.சி.யோடு தண்டிக்கப்பட்டவர் சிவா. 1912-இல் விடுதலையானபோது தொழுநோயோடு வந்தார். கிருமி எப்போது புகுந்தது என்று இன்று அறுதியிட முடியாது. நோய் வெளிப்படவே சராசரியாக ஐந்து ஆண்டு ஆகும். ஆனால் கடும் உழைப்பும் அரைவயிற்றுச் சோறும் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும் என்பதில் எந்த மருத்துவருக்கும் ஐயம் இராது. பாதத்தை மரத்துப்போகச் செய்யும் நோய் அது. கல் குத்தினால் உறைக்காது. புண்ணான பிறகே கண்ணுக்குத் தெரியும். தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்றது அரசு. அந்தக் கால்களோடு நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார் அவர்.

சத்தியாகிரகி தில்லையாடி வள்ளியம்மைக்கு அவ்வளவு காலமும் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்கச் சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, விரைவிலேயே, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். பதினாறே வயது.

இவற்றைத் தியாகிகளின் கதைகளாகவே படித்துப் பழகிவிட்டோம். இவை மருத்துவச் சான்றுகளும்கூட. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு. போதைமருந்து மிகையாவதே முதல் காரணம். மாரடைப்பும் தற்கொலையும் உண்டு. நியூயார்க்கில் பரோலில் வந்தவர்களைப் பற்றிய 2013-ஆம் ஆண்டு ஆய்வு, சிறையில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் ஆயுளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டைக் குறைக்கிறது என்றது.

நம் கண்முன் நடந்ததும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த சாந்தன் 2022 நவம்பரில் விடுதலையானார். இலங்கையர் என்பதால் உடனே திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். தாயைப் பார்க்க இலங்கை செல்லக் காத்திருந்தவர், 2024 பிப்ரவரி 28 அன்று கல்லீரல் செயலிழந்து சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். வயது 55. வழக்கைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், அந்த உடம்பு சொல்வதை மருத்துவ உலகம் கேட்டாக வேண்டும்.

இந்த ஊரிலிருந்து வேலூர் மத்திய சிறைக்கு மனு பார்க்கப் போகும் பெண்களைக் கேட்டால் தெரியும். கம்பிவலைக்கு அப்பால் நிற்பவரின் கன்னம் ஒட்டியதையும் இருமல் மாறியதையும் முதலில் கவனிப்பவர்கள் அவர்களே. 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். தீர்ப்புக்கு முன்பே நோய் வந்துவிடுகிறது.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான சிகிச்சைக்கு ஆறு மாதம் மாத்திரை. மூன்றாம் மாதம் ஜாமீன் கிடைத்தால் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். மருத்துவச் சீட்டு சிறையிலேயே தங்கிவிடக் கூடும். மீதி மாத்திரையை எந்த ஆரம்ப சுகாதார நிலையம் கொடுக்கும், அவர் வரவில்லையென்றால் வீடு தேடிப் போவது யார்? முதல் அமர்வில் பேசுவோர் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கும்படி வேண்டி, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.