படைக்கு முன்னே செல்லும் சொற்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் சுருக்கம்)

 

ஒரு நாட்டின்மீது படை செல்லும் முன்னரே, அந்நாட்டைக் குறித்த சொற்கள் மக்களின் செவிகளைச் சென்றடைந்து விடுகின்றன. 2003ஆம் ஆண்டின் ஈராக் போர் இதற்குத் தக்க சான்றாகும்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 3000 அப்பாவிகளைக் கொன்ற கொடியவர்கள் 19 பேர். அவர்களுள் 15 பேர் சவூதி அரேபியர், இருவர் அமீரகத்தினர், ஒருவர் எகிப்தியர், ஒருவர் லெபனானியர். ஈராக்கியர் ஒருவர்கூட இல்லை. எனினும், 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு நடத்திய கருத்துக் கணிப்பில், அத்தாக்குதலில் சதாம் ஹுசைனுக்குப் பங்கு இருந்திருக்கக்கூடும் என 69 விழுக்காட்டினர் கருதினர்.

இவ்வெண்ணம் எங்ஙனம் விளைந்தது? 2002 ஜனவரியில் அதிபர் புஷ், ஈராக், ஈரான், வடகொரியா ஆகிய மூன்றையும் ‘தீமையின் அச்சு’ என்றார். ஈராக்கும் ஈரானுமோ 1980 முதல் 1988 வரை தம்முள் போரிட்ட நாடுகள்! ஒரே சொல் அவற்றைக் கூட்டாளிகளாக்கிக் காட்டிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், உறுதியான ஆதாரத்துக்குக் காத்திருந்தால் அது அணுகுண்டின் காளான் மேகமாக வந்து நிற்கலாம் என்னும் பொருள்பட எச்சரித்தார் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ். அதன்பின் ஆதாரம் கேட்பதே பொறுப்பற்ற செயலாகத் தோன்றியது. மேடைகளில் செப்டம்பர் 11-உம் சதாமின் பெயரும் அடுத்தடுத்து ஒலித்தன. இடைவெளியை நிரப்பியவர்கள் கேட்டவர்களே.

சதாமுக்கு அத்தாக்குதலில் தொடர்பிருந்ததற்குச் சான்றில்லை என்று 2003 செப்டம்பர் 17 அன்று புஷ்ஷே கூறினார். பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் அங்கில்லை என 2004இல் அமெரிக்க ஆய்வுக் குழுவும் அறிவித்தது. போரோ 2003 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. தொடர்ந்த ஆண்டுகளின் வன்முறையில் இலட்சத்திற்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்கள் மாண்டனர்.

சகோதரர்களே, அனைவரும் மயங்கிவிடவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. 2003 பிப்ரவரி 15 அன்று இலண்டனிலும் ரோமிலும் நியூயார்க்கிலும் பெருந்திரளான மக்கள் போரை எதிர்த்து வீதிக்கு வந்தனர்.

19 பேரின் பாதகத்தை ஒரு சமுதாயத்தின் தலையில் சுமத்தியபோது நாம் நெஞ்சு நொந்தோம். அவ்வாறாயின், சில ஆட்சியாளர்களின் குற்றத்தை ஒரு நாட்டு மக்கள் அனைவர்மீதும் சுமத்தும் பேச்சு நம் மேடையில் ஒலிக்கும்போது கைதட்டுவது முறையாகுமா? பேசுபவர் நம்மவராயினும், “செய்தவர் யார்? சான்று எங்கே?” என்று வினவுவோம். உயிர்களைக் காக்கும் வினாக்கள் இவை.